நான் துடைத்த முகம்

பழைய ஓவியங்களைப் பழுது நீக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் நன்றாகச் செய்த வேலைகளைப் பற்றித்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று தெரியும். அவையெல்லாம் ஃபைலில் இருக்கின்றன, போய்ப் படித்துக்கொள்ளுங்கள். நன்றாக முடிந்த எந்த வேலையும் எனக்கு எதையும் கற்றுக் கொடுத்ததில்லை. நான் கெடுத்த ஒரு முகத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குப் பொறுமை கிடையாது. பொறுமை இல்லாதவள் இந்த வேலையில் எப்படி முப்பது வருடம் இருந்தாய் என்று என் கணவரே கேட்டிருக்கிறார். உட்கார்ந்த இடத்தில் என் கால் ஆடிக்கொண்டே இருக்கும். எதிரில் இருப்பவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் முடித்துவிடுவேன். இப்படிப்பட்டவர்கள் உங்களிலும் இரண்டு பேர் இருப்பீர்கள். இது முக்கியமாக அவர்களுக்கு.

எண்பதுகளின் தொடக்கம். அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. மெட்ராஸில் ஒரு பெரிய ஓவியக் கண்காட்சிக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பெயர் தெரியாமல் போன ஓவியர்களைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பது அவர்கள் திட்டம். ஏற்காட்டுக்கு விடுமுறைக்குப் போன யாரோ ஒருவர், அங்கே ஒரு வீட்டில் தொங்கிய படத்தைப் பார்த்து மிரண்டு, கறுப்பு வெள்ளையில் ஒரு புகைப்படம் எடுத்து வந்து அவர்களிடம் கொடுத்திருந்தார். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் படம் முழுக்கப் பூஞ்சை. பூஞ்சை பிடித்த படத்தை மற்ற படங்களோடு வைக்க மாட்டோம், சுத்தம் செய்து வையுங்கள், சனிக்கிழமை ஆள் வந்து பார்த்து எடுத்துப் போவார் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் பழுது நீக்கும் கூடத்திலிருந்து என்னை அனுப்பினார்கள். ஐப்பசி மாதம். சேலத்தில் பஸ் மாறி, கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தேன்.

வாழவந்தி போகிற வழியில் அந்த வீடு. வீட்டுக்கார அம்மாவின் பெயர் அற்புதம். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒரு மிஷன் பள்ளி விடுதியின் சமையலறை அவர் பொறுப்பில் இருந்தது. விடியும் முன் போனால் நாலு மணிக்குத்தான் திரும்புவார். படத்தை வரைந்தவர் அவருடைய கணவர் சாலமன். எஸ்டேட் ரைட்டராக இருந்தவர். நான் போனபோது அவர் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது.

படம் முன்னறைச் சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. இரட்டைக் கட்டில் அகலம். மெட்ராஸில் ஒரு நாற்சந்தி, சாயங்காலம், பஸ் நிறுத்தம். கட்டடங்கள் தெருவின் மேல் சாய்ந்திருந்தன. ரோடு நம் காலடியிலிருந்து மேலே எழும்பிப் போனது. பஸ் ஒன்று மூஞ்சியை மட்டும் பெரிதாக நீட்டிக்கொண்டு வந்தது. இருபது முப்பது பேர் முண்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர்கூட நேராக நிற்கவில்லை. எல்லோரும் முழங்கையும் கழுத்துமாக இருந்தார்கள். ஒருவன் ஒற்றைச் செருப்போடு ஓடிக்கொண்டிருந்தான். முகங்கள் எல்லாம் பச்சை. பாசிப் பச்சை, பித்தப் பச்சை, கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு கோடு. எக்ஸ்பிரஷனிஸ்ட் பாணி என்பார்கள். கண்ணுக்குத் தெரிகிறதை விட்டுவிட்டு, உள்ளே படுகிற பாட்டை வண்ணமாக்குவது. நான் அதைப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். கையால் தொட்டதில்லை.

எனக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. இதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள், எல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அதன் எதிரில் உட்கார்ந்தால் பஸ்ஸைத் தவற விட்டுவிட்டது போலவே இருந்தது. நான் எந்த நெரிசலிலிருந்து தப்பித்து மலைக்கு வந்தேனோ அதே நெரிசல் இங்கேயும் சுவரில் இருந்தது.

"எல்லாரும் பேய்ப் படம்பாங்க அம்மணி" என்றார் அற்புதம் அக்கா, முதல் நாள் காப்பி கொடுக்கும்போது. "சாமியார் ஊட்டுக்கு வந்தார்னாகூட இதுக்கு முதுகக் காட்டித்தான் ஒக்காருவாருங்க. நடுவுல டிபன் கேரியரோட நிக்குதுங்களே ஒரு பொம்பள, அது நான்தானுங்க."

பார்த்தேன். படத்தின் நட்டநடுவில் பச்சை முகத்தோடு ஒரு பெண். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

"உங்களுக்குப் பிடிக்குமா அக்கா?"

"பொழங்கிப் போச்சுங்க."

கொஞ்சம் கொஞ்சமாக மற்றதைச் சொன்னார். கல்யாணமான புதிதில் மூன்று வருடம் மெட்ராஸில் இருந்தார்கள். சாலமனுக்கு ஒரு கட்டடக் கம்பெனியில் வரைபடம் போடும் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவிய வகுப்பு. அக்காவுக்குத் துணி தைக்கும் கம்பெனியில் வேலை. அக்காவால் அந்த ஊரில் இருக்க முடியவில்லை. கணவரை இழுத்துக்கொண்டு மலைக்குத் திரும்பிவிட்டார். வந்த பிறகு சாலமன் எஸ்டேட்டில் கணக்கு எழுதிக்கொண்டே, காப்பித் தோட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து, மெட்ராஸை மட்டுமே வரைந்தார். பத்துப் பதினைந்து படங்கள். மற்றதையெல்லாம் கரையானும் ஈரமும் தின்றுவிட்டன. மிச்சம் இது ஒன்றுதான்.

"ஒருத்தரும் ஒரு வார்த்தை நல்லாருக்குன்னு சொன்னதில்லைங்க. நானும் சொன்னதில்ல" என்றார். "இப்ப மெட்ராஸ்ல மாட்டப் போறாங்க, கீழ அவரு பேரு எழுதுவாங்கன்னு லெட்டர் வந்துச்சுங்களா, ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கல. இது மட்டும் போயிரணுமுங்க. அவ்வளவுதான் எனக்கு."

அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். என் கையில்தான் அது இருந்தது.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் பூஞ்சையை எடுத்தேன். அதில் ஒன்றும் தவறு நடக்கவில்லை. வெளிச்சம்தான் தொல்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஜன்னலில் பனிமூட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன் பிறகு சிவப்புக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. நான் அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருப்பேன். பொறுமை இல்லாதவளுக்கு மூட்டத்தைப் போல ஒரு தண்டனை கிடையாது.

வியாழக்கிழமை காலை, பூஞ்சைக்குக் கீழே பழுப்பாக ஒரு படலம் இருப்பதைப் பார்த்தேன். வருடக்கணக்கான அடுப்புப் புகை வார்னிஷில் ஒட்டியிருந்தது. வார்னிஷைக் கரைக்கும் மருந்தைப் பஞ்சில் தொட்டு, இடது பக்கக் கீழ் மூலையில் ஒரு சதுர அங்குலம் துடைத்துப் பார்த்தேன். பஞ்சு பழுப்பானது. அடியில் ரோடு ஊதா நிறத்தில் வெளியே வந்தது. அவ்வளவு நாள் அழுக்காகத் தெரிந்த ரோடு மழையில் நனைந்த தெருவாக மாறியது. எனக்கு ஒரே குஷி. மேல் மூலையில் வானத்தையும் பார்த்தேன், அங்கேயும் அதே கதை. படத்தின் மேல் இருக்கிற மஞ்சளும் பழுப்பும் புகை, போய்விடும் என்று மனதில் எழுதிவிட்டேன்.

பிறகு செய்ததைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. எந்தப் படத்தையும் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஆரம்பித்து, முக்கியமான இடத்துக்குக் கடைசியில் போக வேண்டும் என்று உங்களுக்கு முதல் வாரமே சொல்லியிருப்பார்கள். நான் நேராக நடுவில் இருந்த பெண்ணின் முகத்துக்குப் போனேன். காரணம் அன்புதான், வேறெதுவும் இல்லை. மூன்று நாளாக அந்த அம்மா எனக்குச் சோறு போட்டிருந்தார். நாலு மணிக்கு அவர் வேலையிலிருந்து வரும்போது, இதோ பாருங்கள் அக்கா உங்கள் முகம் என்று காட்ட ஆசைப்பட்டேன். ஒரு நல்ல பெண்ணுக்குப் பச்சை முகம் எப்படி இருக்க முடியும், புகை படிந்துதான் அப்படி ஆகியிருக்கிறது என்று என் மனம் முன்னாலேயே தீர்ப்பு எழுதிவிட்டது. படம் பிடிக்காதவள் படத்தைத் திருத்தப் பார்க்கிறாள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

முதல் பஞ்சில் பழுப்பு வந்தது. இரண்டாவதில் பச்சை வந்தது. பார்த்தேன். பூஞ்சை மிச்சமிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவதில் பச்சையோடு கறுப்பும். மணி ஒன்றே முக்கால். மூட்டம் வருவதற்குள் முடிக்க வேண்டும். கை வேகமாகப் போனது. நெற்றி, கன்னம், மூக்கு, முகவாய். இருபது நிமிடத்தில் முகம் முழுவதும் துடைத்து, பத்தடி பின்னால் போய் நின்று பார்த்தேன்.

நடுவில் மாநிறத்தில் அமைதியாக ஒரு பெண் முகம். அழகான முகம். கண்ணில் லேசாகச் சிரிப்புக்கூட இருந்தது. அவளைச் சுற்றி இருந்த முப்பது பேரும் பச்சையாக இருந்தார்கள். வேறெந்த முகத்திலும் நான் கை வைக்கவில்லை. அப்போதுதான் புரிந்தது. முப்பது பேர் முகத்தில் மட்டும் தேடிப் போய்ப் பச்சையாக ஒட்டப் புகைக்குத் தெரியாது. சாலமன் பச்சையையும் கண், வாய்க் கோடுகளின் கறுப்பையும் வார்னிஷில் கரைத்து, காய்ந்த முகங்களின் மேல் மெல்லிசாகப் பூசியிருந்தார். வார்னிஷ் கரைகிற மருந்தில் அவையும் கரைந்து வந்துவிட்டன. அந்த ஆளின் கடைசிப் பூச்சை நான் பஞ்சில் எடுத்துத் தட்டில் போட்டு வைத்திருந்தேன்.

படம் செத்துவிட்டது. எனக்குப் பிடிக்காத அந்தப் படம், அந்த இரைச்சல், நடுவில் நின்றுபோனது. அது எவ்வளவு நல்ல படம் என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

 அப்போது என் மூளை என்ன செய்தது தெரியுமா? கணக்குப் போட்டது. இருக்கிற ஒரே புகைப்படம் கறுப்பு வெள்ளை. பச்சை எப்படி இருந்தது என்று நிரூபிக்க யாராலும் முடியாது. என்னிடம் வண்ணப் பெட்டி இருக்கிறது. நாலு மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம். பக்கத்து முகங்களைப் பார்த்து அதே பச்சையைக் கலந்துவிடலாம். கலந்தே விட்டேன். கிண்ணத்தில் அச்சாக அதே பச்சை. தூரிகையை நனைத்து முகத்துக்கு அருகில் கொண்டு போனேன். அங்கேயே நின்றது கை. நல்லவள் என்பதால் நிற்கவில்லை, மூட்டம் வந்து வெளிச்சம் போய்விட்டது. இதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஏற்காட்டுத் தபால் ஆபீஸுக்குப் போனேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுக்கவில்லை, பாதி தூரம் நடந்தும் மீதி தூரம் மிளகு மூட்டை ஏற்றி வந்த ஜீப்பிலும் போனேன். எங்கள் தலைமை அதிகாரிக்கு டிரங்க் கால் போட்டேன். அவர் பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார், அதனால் எழுதவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து லைன் கிடைத்தது. ஒரே கொரகொரப்பு. நடந்ததைக் கத்திச் சொன்னேன். தபால் ஆபீஸில் இருந்த எல்லோருக்கும் நான் ஒரு பெண்ணின் முகத்தைக் கெடுத்துவிட்டது தெரிந்துபோனது.

"அந்தம்மாகிட்டச் சொல்லிட்டியா?" என்றார்.

"இன்னும் இல்லை சார். என்ன செய்யட்டும்?"

"படம் என்னோடதா? அவங்ககிட்டச் சொல்லாம எனக்கு எதுக்கும்மா போன் பண்றே?"

வைத்துவிட்டார்.

திரும்பி வரும்போது மணி ஐந்து. அற்புதம் அக்கா எனக்கு முன்னால் வந்திருந்தார். வேலைப் புடவையைக்கூட மாற்றாமல் படத்தின் முன்னால் நின்றிருந்தார். அறையில் விளக்கு எரிந்தது. என் பஞ்சுகளும் பச்சைக் கிண்ணமும் மேசையில் அப்படியே இருந்தன. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"அம்மணி" என்றார், திரும்பாமல். "நான் இப்படியா இருந்தேனுங்க?"



"நான் அவரை இந்த ஊருக்கு இழுத்துட்டு வந்தனில்லீங்களா. அந்தக் கோவத்துலதான் எனக்குப் பேய் மூஞ்சி வெச்சாருன்னு இத்தன வருசமா நெனச்சுட்டிருந்தேன். அவருகிட்டக் கேக்கவும் பயம். இதப் பாருங்க, சிரிச்ச மாதிரி வெச்சிருக்காரு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். "நீங்க வந்ததுக்கு இது ஒண்ணு போதுமுங்க. நீங்க நல்லா இருக்கோணும்."

தப்புக்குத் திட்டு வாங்கியிருப்பீர்கள், வாங்குவீர்கள். அது ஒன்றும் பெரிதில்லை. தப்புக்கு நன்றி வாங்கியிருக்கிறீர்களா?  அப்படியே விட்டுவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு விதவைக்கு அவள் கணவனின் அன்பைத் தோண்டி எடுத்துக் கொடுத்தவள் என்ற பெயர் எனக்கு.

நம் தொழிலுக்கு ஒரு வியாதி உண்டு. அடியில் இருப்பதெல்லாம் உண்மை, மேலே இருப்பதெல்லாம் அழுக்கு என்று நினைக்கிற வியாதி. அந்த அம்மாவும் இப்போது அதையே நம்பினார், நம்ப வைத்தது நான்.

"அக்கா, அது அழுக்கில்லை" என்றேன். "மேலே இருந்த பச்சையும் அவர் போட்டதுதான். முதலில் இப்படி வரைந்து, காய்ந்த பிறகு, வேண்டுமென்றே பச்சை பூசியிருக்கிறார். எல்லோர் முகத்துக்கும். உங்கள் முகத்தில் இருந்ததை நான் தெரியாமல் துடைத்துவிட்டேன். திரும்பக் கொண்டு வர முடியாது. படத்தைக் கெடுத்துவிட்டேன்."

என் கையை விட்டுவிட்டார். 

"ஏன் கண்ணு சொன்னே?" என்றார். "சொல்லாம இருந்திருக்கலாமே."

அன்றைக்கு அதற்கு மேல் என்னோடு பேசவில்லை. தட்டில் சோறு மட்டும் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் சாப்பிடவில்லை. இப்படி எழுதினால் நாடகமாக இருக்கும் என்று தெரியும், ஆனால் நிஜமாகவே இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. லீவு சொல்லி அனுப்பிவிட்டு, ஒரு நாற்காலியைப் படத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் ஜன்னலோரம் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் இருந்தேன். ஒரு தடவை, "சித்தே ஒரு எடத்துல நில்லு கண்ணு, தல சுத்துது" என்றார். நின்றேன். பகல் பன்னிரண்டு மணிவாக்கில் தானாகப் பேச ஆரம்பித்தார்.

"அந்த ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல ஒரு கடையில பச்சை லைட்டு போட்டிருப்பாங்க. சாயங்காலமானா அங்க நிக்கற அத்தன பேரு மூஞ்சியும் பச்சையாத்தான் இருக்கும். தெனமும் ஒரு மணி நேரம் நிப்போம். ஒரு நாள் மூணு பஸ்ஸு நிக்காமப் போயிருச்சு. ஒருத்தன் இடிச்சு கேரியர் கீழ கொட்டிப் போச்சு. நான் அவருகிட்ட, இனி ஒரு நாள்கூட இந்த ஊர்ல இருக்க மாட்டேன், வர்றதுன்னா வாங்க, இல்லீன்னா நான் மட்டும் போறேன்னு சொல்லிப்புட்டேன். அது இந்த சாயங்காலந்தானுங்க. படத்த மொதல்ல பாத்தன்னிக்கே எனக்குத் தெரியும்."

நாற்காலியை விட்டு எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போனார்.

"மொதல்ல என்னைய வரைஞ்சிருக்காரு. அப்பறம் அந்த சாயங்காலத்த வரைஞ்சிருக்காரு. ரெண்டும் நெசந்தான். ஆனா படம் சாயங்காலத்தோடதுதானே? மூடிரு கண்ணு. அவரு படம் அவரு விட்ட மாதிரி போகட்டும்."

அப்படித்தான் செய்தேன். முகத்தின் மேல் முதலில் ஒரு வார்னிஷ் பூசிக் காயவிட்டு, அதன் மேல் தண்ணீரில் கரையும் வண்ணத்தால் பச்சையும் கறுப்புக் கோடுகளும் போட்டேன். நாளைக்கு யாராவது என் பூச்சு வேண்டாமென்று நினைத்தால் ஈரப் பஞ்சால் துடைத்தால் போதும், அவர் வரைந்ததற்கு ஒன்றும் ஆகாது என்று அக்காவுக்கும் விளக்கிச் சொன்னேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முடிந்தது. படத்தில் இரைச்சல் திரும்பி வந்தது. பழகிய கண்ணுக்கு அந்த ஒரு பச்சை கொஞ்சம் தட்டையாகத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது.

அறிக்கையும் எழுதினேன். அதில் ஒரு வரி: நடுவில் உள்ள பெண்ணின் முகத்தில் ஓவியரின் மேல்பூச்சு என் தவறால் நீங்கிவிட்டது, இப்போது இருப்பது நான் போட்டது.

பதினொன்றரைக்குக் கண்காட்சிக்காரர் வேனில் வந்து இறங்கினார். படத்தைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது.  "இவரை எப்படி விட்டோம்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அக்கா கதவோரம் நின்று அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் என் அறிக்கையைப் படித்தார். அந்த வரிக்கு வந்ததும் நின்றார்.

"இதை எதுக்கு எழுதினீங்க?"

"நடந்ததை எழுதினேன்."

"இன்னொருத்தர் கை வைத்து வரைந்ததை நாங்கள் வைக்க முடியாது. அதுதான் விதி. அதுவும் நடு முகம். இந்த வரியை எடுத்துவிடுங்கள். எனக்கே வித்தியாசம் தெரியவில்லை, யாருக்குத் தெரியப்போகிறது?"

"எடுக்காவிட்டால்?"

"நான் வெறும் வேனோடு திரும்பிப் போக வேண்டியதுதான். உங்களுக்கு மனச்சாட்சி, இந்தம்மாவுக்கு நஷ்டம்."

பேனாவை நீட்டினார். வாங்கினேன். என் தவறுக்கு அந்த அம்மா ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்? ஒரு வரி. அடித்தால் சாலமன் மெட்ராஸ் போவார். என் நேர்மையை இன்னொருவர் தலையில் சுமத்த எனக்கு என்ன உரிமை? இந்தக் கேள்விக்கு இப்போதும் என்னிடம் பதில் இல்லை, உங்களிடம் இருந்தால் வந்து சொல்லுங்கள். அந்த வரியின் மேல் பேனாவை வைத்தேன்.

"என்னங்க எழுதியிருக்குது?" என்று அக்கா கேட்டார். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் வாசித்துக் காட்டினேன். வந்தவர் சொன்ன விதியையும் சொன்னேன்.

அக்கா கண்காட்சிக்காரர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, வேற ஆளு போட்டது இருந்தாத்தான் ஆகாதுங்களா? அவரு போட்டதுல கொஞ்சம் இல்லாமப் போனா?"

"அது பரவாயில்லம்மா. பழைய படம்னா எங்கேயாவது உதிர்ந்திருக்கும், போயிருக்கும். அதைச் சேதம்னு எழுதிக்குவோம்" என்றார் அவர்.

அக்கா மேசைக்குப் போனார். என் பஞ்சில் ஒரு பிடி எடுத்தார். தண்ணீர்க் கிண்ணத்தில் நனைத்துப் பிழிந்தார். என்ன செய்யப் போகிறார் என்று எனக்குப் புரிந்தபோது அவர் படத்தின் முன்னால் நின்றிருந்தார். "அக்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் அவசரப்படவில்லை. சாப்பிட்ட குழந்தைக்கு வாய் துடைத்துவிடுவது போல, அழுத்தாமல், நெற்றியிலிருந்து முகவாய் வரை தன் முகத்தைத் தானே துடைத்தார். நான் இருபது நிமிடத்தில் அடித்துப் பிடித்துச் செய்ததை அவர் எவ்வளவு நேரம் எடுத்துச் செய்தார் என்று தெரியாது. வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கக்கூட மறந்துவிட்டார்.

"இப்ப இதுல இருக்கறதெல்லாம் அவரு போட்டது மட்டுந்தானுங்க" என்றார் அக்கா, பஞ்சைத் தட்டில் போட்டுவிட்டு. "போனது போச்சு. அதைப் போன மாதிரியே எழுதிக்கங்க. கொண்டு போங்க."

நான் அந்த வரியின் பின்பாதியை மட்டும் அடித்தேன். ஓவியரின் மேல்பூச்சு என் தவறால் நீங்கிவிட்டது என்பது அப்படியே நின்றது. கண்காட்சிக்காரர் மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். மூன்று பேராகப் பிடித்துப் படத்தை வேனில் ஏற்றினோம்.

கண்காட்சி மூன்று நாள் நடந்தது. அக்கா வந்திருந்தார். பதினெட்டு வருடம் கழித்து மெட்ராஸுக்கு வருகிறார். காலையில் திறந்ததும் வந்து படத்துக்கு இடது பக்கத்தில் நிற்பார், மூடும்வரை அங்கேயே. முதல் நாளே கூட்டம் கூடிவிட்டது. ஒருவருக்கும் அந்தச் சேதத்தைப் பற்றிய குறிப்பைப் படிக்கப் பொறுமை இல்லை. எல்லோரும் நடுவில் இருந்த முகத்தைப் பார்த்துத்தான் நின்றார்கள். எனக்குச் செத்த இடமாகத் தெரிந்தது அவர்களுக்கு உயிராகத் தெரிந்தது. நகரமே பச்சையாக மாறினாலும் மனைவி முகத்தை மட்டும் மாறாமல் வைத்திருக்கிறான், என்ன மனசு, என்ன துணிச்சல் என்று பேசிக்கொண்டார்கள். நான் சுவரோரம் நின்று என் தப்பு பாராட்டு வாங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓடிவிடலாமா என்றிருந்தது.

கண்ணாடி போட்ட ஒரு பெரிய மனிதர், இவர்தான் அந்த மனைவி என்று தெரிந்துகொண்டு, அக்காவின் முன்னால் வந்து கை கூப்பினார். "உங்கள் கணவர் உங்களை மட்டும் பச்சையாக்காமல் விட்டுவிட்டாரே அம்மா" என்றார்.

அக்கா என்னைத் தேடிப் பார்த்துவிட்டு, நேராகக் கையை நீட்டிக் காட்டினார்.

"இல்லீங்க. எனக்கும் பச்சைதான் அடிச்சிருந்தாரு. இந்த அம்மணிதான் தொடச்சிப்புட்டாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றவும் பார்க்கவில்லை. மூன்று நாளும், கேட்ட ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். நானும் மூன்று நாளும் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.